இலைப்பச்சை, ஆயிரத்து நானூறு கிலோ

மார்ச் 3, திங்கள்

கம்பெனியில் கொடுத்த டைரி இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. பிரஷருக்கு மாத்திரை எழுதிய டாக்டர், மனதில் இருப்பதை தினமும் எழுதிப் பாருங்கள் என்றார். என் மனதில் என்ன இருக்கிறது? பனியன் இருக்கிறது. பதினாறு வருடமாகத் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை. பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்பதைக் கம்பெனிக்குள் சொல்லி, கம்பெனி செய்யாததற்குப் பையரிடம் சாக்குச் சொல்லும் உத்தியோகம்.

இன்று புது எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் முதல்முறை ஆபீஸ் போனேன். பதினோரு கிலோமீட்டர். புகை இல்லை, சத்தம் இல்லை. இவர் கேட்டில் நின்றுகொண்டு, "ஏன் சுகந்தி, மிக்ஸி சத்தம்கூட வரலையே, வண்டி நெசமாவே ஓடுதா?" என்று கிண்டல். இவருடைய பழைய பைக் கிளம்புவதற்குள் தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும். பேச்சைப் பார்!

ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் மே மாதம் ஒரு ஞாயிறு முழுக்கக் காரே ஓட்டக்கூடாது என்று விழா வைத்திருக்கிறார்கள். எல்லோரும் சைக்கிளில் போக வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டும். அதற்கு ஏழாயிரம் டி-சர்ட், இலைப்பச்சை நிறத்தில். ஆர்டர் எங்களுக்கு. பையர் கம்பெனி இங்க்ரித் வீடியோ காலில் என் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டுக் குதித்தாள். ஒவ்வொரு சட்டையிலும் தொங்கும் அட்டையில் என் படம் போட வேண்டுமாம். வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். 'இந்தச் சட்டையைச் செய்தவர் இப்படித்தான் வேலைக்குப் போகிறார். இதற்காக ஒரு சொட்டுச் சாயத்தண்ணீரும் எந்த ஓடையிலும் விடப்படவில்லை.' பொய்யில்லை. எங்கள் துணிக்குச் சாயம் போடும் பட்டறையில் சுத்திகரிப்பு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மாம்பழ நிறச் சேலையில் ஸ்கூட்டரோடு எடுத்த படத்தை அனுப்பினேன். அதில் கொஞ்சம் இளைத்துத் தெரிகிறேன்.

மார்ச் 5, புதன்

துணி வந்தது. தப்பான பச்சை.

டாக்டருக்காக எழுதுவதால் விளக்கமாகவே எழுதுகிறேன். மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றுவதற்கு முன், உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டுக்கு ஏற்றி எனக்கு அனுப்புவார்கள். அதை நான் லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சம் மாதிரி எரியும் விளக்கில் பையரின் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விளக்கு பிப்ரவரியிலேயே ஃபியூஸ். நான் என் மேசை டியூப்லைட்டில் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. வெயிலுக்கு வந்ததும் ஒன்று இலை, இன்னொன்று பழுத்த இலை. ஆயிரத்து நானூறு கிலோ துணியும் பழுத்த இலை. கையெழுத்து என்னுடையது.

விளக்கை மாற்றாதது ஸ்டோர்ஸ்காரர் தப்பு என்று நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும் தலையை ஆட்டினார்கள். எழுந்து போய் வாசல் வெயிலில் ஒரு தடவை பிடித்துப் பார்க்க உனக்கு என்ன கேடு என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

பதினெட்டாம் தேதி கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும். பழைய சாயத்தை இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். எங்கள் பட்டறையில் கேட்டால், பன்னிரண்டு நாள் ஆகும், அதற்கு முன்னால் சுத்திகரிக்கும் தொட்டியில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஃபேப்ரிக் பிரிவு சபாபதி அண்ணன்தான் என் மேசைக்கு வந்து குனிந்து சொன்னார். "மேடம், ஒரு எடம் இருக்குதுங்க. ரெண்டே நாள்ல இறக்கி ஏத்திக் குடுத்துருவாங்க. போர்டு கீர்டு ஒண்ணும் இருக்காது. நீங்க ஊம்னு சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன்.

மார்ச் 8, சனி

துணி வந்தது. இந்தத் தடவை வாசலுக்கே எடுத்துப் போய் வெயிலில் பார்த்தேன். அருமையான பச்சை. தையலுக்கு இறக்கியாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் துளசிமணியக்கா பால் கொண்டு வந்தது. இந்த சைட்டில் வீடு கட்டிக் குடிவந்த ஏழு வருடமாக அந்த வீட்டுப் பால்தான் எங்களுக்கு. எங்கள் மதில் சுவருக்குப் பின்னால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. அக்காவுக்கு இரண்டு மாடு. ஒரு மகன், பூபதி, லாரி ஓட்டுகிறான், மாதத்தில் இருபது நாள் வடக்கே. கார்த்திகையில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் வினிதா வெள்ளகோவில் பெண். அதிகம் பேசாது.

அக்காவுக்கு இன்று ஒரே சந்தோஷம். "ஓடையில தண்ணி வந்துருக்குது அம்மிணி! மேக்க எங்கயோ மழையாட்ட இருக்குது. பாசி நெறத்துல லேசா ஓடுது. கோடையில எந்தச் சாமி விட்டுச்சோ. செவலையை அங்கயே ஓட்டிக் கட்டிட்டேன், புல்லும் ஆச்சு, தண்ணியும் ஆச்சு."

அப்படியா என்றேன்.

நாளையிலிருந்து பால் வேண்டாம் என்றும் சொன்னேன். கொழுப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். பாக்கெட் பால் என்றால் கொழுப்பு எவ்வளவு என்று போட்டிருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

செவலை செத்துப்போயிற்று.

ஆறரை மணிக்குச் சுவருக்குப் பின்னால் ஒப்பாரி கேட்டது. யாரோ பெரியவர்கள் போய்விட்டார்கள் என்று நினைத்துத்தான் ஓடினேன். கட்டுத்தரையில் நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. வாயில் நுரை. நேற்று மத்தியானத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதாம், சாயங்காலம் விழுந்ததாம். ஈன்று நாற்பது நாள்தான் ஆகிறது. கன்று அதன் மடியை முட்டிக்கொண்டிருந்தது. துளசிமணியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, என்ற செவலையைப் பாரு, என்ற செவலையைப் பாரு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 12, புதன்

மாட்டு டாக்டர் வந்தாராம். அறுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, என்ன தின்றது என்று கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போன அக்கா ஒரு பானைச் சோறு கொண்டுவந்திருக்கிறது. அது மறுநாள் பானையில் இல்லை. சோறு அதிகமாகத் தின்றால் மாடு வயிறு உப்பிச் சாவதுண்டு, இருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பானையைக் கழுவி வைத்தது வினிதா.

மார்ச் 14, வெள்ளி

பால் சொசைட்டியில் வைத்து, ஊற்ற வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் துளசிமணியக்கா கத்திவிட்டதாம். "கையில சோத்துப் பானையைக் குடுத்தா மாட்டுக்கு எவ்வளவு வெக்கறதுன்னு தெரியாதா? என்ற வீட்டு மகாலச்சுமியைக் கொன்னுபோட்டா!" அந்தப் பெண் கேனைக் கழுவிக்கொண்டே நின்றதாம். பூபதியும் போனில் அம்மா பக்கம். நேற்று அவளுடைய அப்பா வந்து கூட்டிப்போய்விட்டார்.

எனக்கு இதை எல்லாம் சொன்னது எங்கள் வீட்டில் வேலை செய்யும் சரசு. சொல்லிவிட்டு, "வந்து அஞ்சு மாசம்கூட ஆகலீங்க, இனி எங்க கூப்பிடப் போறாங்க" என்றாள். பாத்திரத்தைப் பார்த்துக் கழுவு என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்?

மார்ச் 16, ஞாயிறு

துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாயிருக்காது.

அக்கா காபி போட்டுக் கொடுத்தது. இன்னொரு மாட்டின் பால். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அக்கா உள்ளே போன நேரம் பார்த்து வாசல் செடியில் ஊற்றிவிட்டேன். வெளியே வந்த அக்கா, "வினிதா வெவரமான புள்ளைதான் அம்மிணி. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. வேற ஏதாச்சும் ஆயிருக்குமா? நீ படிச்சவ, உனக்கு என்ன தோணுது?" என்றது.

"தெரியலீங்கக்கா" என்றேன்.

திரும்பி வரும்போது ஓடையைக் கடந்தேன். தண்ணீர் வற்றிவிட்டது. மணலில் ஓரமாகப் பச்சைக் கோடு. அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. செருப்பால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அருகம்புல் எல்லாம் கருகிக் கிடக்கிறது. செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

கன்டெய்னர் கிளம்பியது. இங்க்ரித்துக்கு நிறம் ரொம்பப் பிடித்துவிட்டது. அட்டையில் என் படம் அழகாக வந்திருக்கிறதாம். முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். வாயில் போட்டால் கரையும் சரக்கு, என் பங்கைக் காகிதத்தில் சுற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

மாத்திரை போட்டேன். பிரஷர் நூற்று அறுபது.

மார்ச் 23, ஞாயிறு

இவர் பாக்கெட் பால் காபியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "அந்தம்மா இருக்கற ஒத்தை மாட்டை வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படுது. இப்பப் போயா பாலை நிறுத்துவே? நாளையில இருந்து வாங்கு."

வேண்டாம் என்றேன்.

"ஏன்?"

"கொழுப்பு."

"எனக்கு என்ன கொழுப்பு?"

"உங்களுக்கு இருக்கற கொழுப்பு இந்த ஊருக்கே போதும்" என்று கத்திவிட்டேன். இவர் சண்டைக்கு வரவில்லை. "உனக்கு என்னமோ ஆயிருக்குது சுகந்தி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 24, திங்கள்

சபாபதி அண்ணன் மேசைக்கு வந்தார். "உங்க ஊர்ல மாடு ஒண்ணு செத்துப்போச்சாமுங்க மேடம்?"

"ஆமா."

"சோறு தின்னு செத்துருச்சுன்னு பேசிக்கறாங்களாமே?"

"ஆமா."

"அப்புறம் என்னுங்க. அப்புடியே இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, என் மேசை மேல் இருந்த மிட்டாயில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார். அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அந்த மனிதர் சொன்னதைத்தான் நான் பதிமூன்று நாளாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்புறம் உறைத்தது.

மார்ச் 25, செவ்வாய்

ஆறாம் தேதிப் பக்கத்தைப் பொய்யாக எழுதியிருக்கிறேன். என் டைரியில், எனக்கே பொய். அடிக்கலாமா என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும். நடந்தது இதுதான்.

எங்கே என்று நான் கேட்டேன். "உங்க ஊருக்கு மேக்க, ஓடைக்கரையில ஒரு பழைய கோழிப்பண்ணை இருக்குதில்லீங்க? அதுக்குள்ளாறதான் நடக்குது" என்றார் சபாபதி. தண்ணீரை எங்கே விடுவார்கள் என்றும் கேட்டேன். "ஓடை காஞ்சுதானுங்க கெடக்குது. மண்ணு குடிச்சுக்கும்." சாயம் இறக்கி ஏற்ற எவ்வளவு காஸ்டிக் சோடா, எவ்வளவு ஹைட்ரோஸ், எவ்வளவு உப்புப் போகும் என்பது எனக்குத் தெரியும். பதினாறு வருடமாக இதைத்தானே பார்க்கிறேன். எல்லாம் தெரிந்துதான் சரி என்றேன். லைட் பாக்ஸ் விஷயம் முதலாளி காதுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

ஒன்பதாம் தேதி அக்கா வந்து ஓடையில் தண்ணீர் வந்திருக்கிறது என்று சிரித்தபோது, மாட்டை அவிழ்த்துக்கொண்டு வாங்கக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செவலை அப்போது உயிரோடு இருந்தது. நான் எனக்குப் பால் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 27, வியாழன்

லீவு போட்டுவிட்டு மத்தியானம் போனேன். அக்கா கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னது. நின்றுகொண்டே சொன்னேன். பச்சை, கையெழுத்து, கோழிப்பண்ணை, எல்லாம். இடையில் அழுகை வந்தது. அழுதால் அக்கா என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடும் என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

அக்கா சாணிக் கூடையைக் கீழே வைத்தது.

"தண்ணி வந்துருக்குதுன்னு நான் வந்து சந்தோசமாச் சொன்னனே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியுங்கக்கா."

"அதுக்குத்தான் பால் வேண்டாம்ன்னியா?"

"ஆமாங்கக்கா."

"நீ நிறுத்திக்கிட்டே. நாங்க குடிச்சுட்டுத்தான் இருந்தோம். வினிதாவும் குடிச்சா. சொசைட்டிக்கும் ஊத்துனேன், எத்தனை குழந்தைங்க குடிச்சுதோ." அக்கா என்னைத் திட்டவில்லை. வாயில் வந்ததைச் சொல்லித் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "செவலை போனாப் போகுது. என்ற மருமக மூஞ்சியில நான் என்னன்னு முழிப்பேன்? அதைச் சொல்லு அம்மிணி. நீ படிச்சவதானே, அதைச் சொல்லு" என்றது.

மார்ச் 28, வெள்ளி

முதலாளியிடம் சொன்னேன். மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றும் சொன்னேன். "ஷிப்மென்ட் போயிருச்சு, பையர் சந்தோசமா இருக்கறான், உனக்கு எங்கம்மா அரிக்குது?" என்றார். வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். திரும்பக் கூப்பிடுவார் என்று தோன்றவில்லை. அட்டையில் இருப்பது பொய் என்று இங்க்ரித்துக்கு மெயில் போட்டுவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் புள்ளை வீட்டுக்கு மொதல்ல போ" என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

துளசிமணியக்காவும் நானும் பஸ்ஸில் வெள்ளகோவில் போனோம். என் வண்டி அவ்வளவு தூரம் தாங்காது. வழி முழுக்க அக்கா மடியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தது.

வினிதாவின் அம்மா வாங்க என்றார்களே தவிர முகம் கொடுக்கவில்லை. வினிதா உள்ளே இருந்து வந்து சுவரோரம் நின்றது. இளைத்துவிட்டது. நான் எல்லாவற்றையும் ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வதால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

வினிதா என்னைப் பார்க்கவே இல்லை. மாமியாரைப் பார்த்துத்தான் பேசியது. இந்தப் பெண் இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது.

"சோத்தை நான் மாட்டுக்கு வெக்கலீங்கத்தை. ஊசிப் போயிருந்துச்சு, குப்பைக்குழியில கொட்டிட்டுத்தான் பானையைக் கழுவுனேன். வெச்சியான்னு நீங்க கேக்கவே இல்லை. அவரும் கேக்கலை. ஓடைத்தண்ணி நாறுது, அங்க கட்டாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன். பாசி வாடை, உனக்கென்ன தெரியும்ன்னீங்க."

அக்கா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தது. "தப்புத்தான் சாமி. வந்துரு. என்னை ரெண்டு அறைகூட அறைஞ்சுக்க. வந்துரு."

வினிதா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அப்போதுதான் என்னைப் பார்த்தது.

"எங்கத்தை சொசைட்டியில வெச்சுத்தானுங்க என்னைச் சொன்னாங்க. பால் ஊத்த வந்த அத்தனை பேரும் கேட்டாங்க. நாளைக்கு நான் கேனைத் தூக்கிட்டுப் போனா, மாட்டைக் கொன்னவ வர்றான்னுதான் பாப்பாங்க. நீங்க இங்க வந்து எங்கம்மாகிட்டச் சொன்னா ஆச்சுங்களா?"

என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"அங்க வந்து சொல்லுங்க. நானும் வந்து நிக்கறேன். அதுக்குப் பொறவு இருக்கறதா போறதான்னு நான் பாத்துக்கறேன்."

ஏப்ரல் 2, புதன்

காலை ஆறு மணிக்குச் சொசைட்டி வாசலில் இருபத்தைந்து பேராவது இருந்தார்கள். நேற்று மாலையே வந்துவிட்ட வினிதா கேனோடு வரிசையில் நின்றது. முன்னால் இருந்தவர் திரும்பி அதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொன்னார். துளசிமணியக்கா தலையைக் குனிந்துகொண்டது.

செக்ரட்டரியிடம், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். அவர் பால் அளப்பதை நிறுத்தினார். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோயிற்று. செவலையைக் கொன்றது வினிதா இல்லை, நான்தான் என்று ஆரம்பித்தேன். சாயத்தண்ணீரை ஓடையில் விடப் போகிறார்கள் என்று தெரிந்தே சரி என்று சொன்னது நான். மாடு அங்கே தண்ணீர் குடிக்கிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். இந்தப் பெண் மேல் பழி விழுந்த பிறகும் மூடிக்கொண்டிருந்தது நான்.

அப்புறம் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். "எங்க எருமையும் அங்கதானுங்க தண்ணி குடிச்சுது!" என்றார் ஒருவர். "என்ற வீட்டுல மூணு ஆடு கழிஞ்சு கழிஞ்சு செத்துச்சு, அதும் உங்க வேலைதானா?" என்று ஒரு அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். ஒரு மாட்டைப் பற்றிச் சொல்லத்தான் நான் போயிருந்தேன். ஆடுகளைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாது என்றேன். யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்?

வரிசையின் கடைசியில் நின்ற ஒரு கிழவர் மட்டும் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன, என்ன சொல்லுது அந்தப் புள்ளை?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வினிதா கேனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றது.

"கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க. இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க" என்றது.

சொன்னேன்.